வலையமைப்புப் பாதுகாப்புப் படிக்கப் போகும் பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும்

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு கதிரைகள் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். பிள்ளையும் வாப்பாவும் வருவார்கள். சில வேளை உம்மாவும் வருவார். கையில் பெறுபேற்றுத் தாளும் ஏதாவதொரு தனியார் நிறுவனத்தின் வர்ணத் துண்டுப்பிரசுரமும் இருக்கும். கடந்த முறை வந்தவர் எனது பழைய மாணவியின் வாப்பா. தையல் கடை வைத்திருக்கிறார். என்னை விட வயதில் மூத்தவர்.

"சேர், இவள் நெட்வேர்க் செக்கியூரிட்டி படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள். அது ஹெக் பண்ணுற படிப்பு எண்டு சொல்றாங்க. பொம்புளப் புள்ளைக்குச் சரிவருமா?" என்று கேட்டார்.

"காக்கா, கதவ உடைக்கிற படிப்பில்ல. கதவு எப்பிடி உடைபடும் எண்டு தெரிஞ்சி பூட்டுற படிப்பு" என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் ஒரு வசனத்தில் சொல்லி முடிக்கும் விடயமல்ல இது. நான் பல்கலைக்கழகம் சென்றவன் அல்லன். ஆசிரியர் கலாசாலையில் கணிதம் பயின்று, பின்னர் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமும் கற்பிக்கத் தொடங்கியவன். எனினும் இருபது வருடங்களாக மாணவர்களை வழியனுப்பி, அவர்கள் சரியாகப் போய்ச் சேர்ந்ததையும் வழி தவறியதையும் பார்த்திருக்கிறேன். அவர்களுள் ஒருவர் வழி தவறியதில் எனக்கும் பங்குண்டு. அதையும் இக்கட்டுரையில் மறைக்காமல் சொல்கிறேன்.

இது என்ன படிப்பு?

ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். வாசலில் காவலாளி நிற்கிறார். எங்கிருந்து வருகிறீர்கள், யாரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டு, சிலரை உள்ளே விடுகிறார், சிலரைத் திருப்பி அனுப்புகிறார். கணினி வலையமைப்பில் இந்த வேலையைச் செய்வதுதான் ஃபயர்வோல். உள்ளே வந்தவர் எல்லா அறைக்கும் போய்விட முடியாது. பரீட்சை வினாத்தாள்கள் உள்ள அறைக்குத் தனிப் பூட்டு உண்டு. வலையமைப்பையும் இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்து வைப்பார்கள். மாணவத் தலைவர்கள் நடமாட்டத்தைக் கவனிப்பது போல, சந்தேகமான போக்குவரத்தைக் கவனித்து எச்சரிக்கும் கருவிகளும் உண்டு. அதிபரின் மேசையில் சம்பவத் திரட்டுப் புத்தகம் இருக்கிறதல்லவா? நாம் அதை லொக் புத்தகம் என்போம். கணினியிலும் யார், எப்போது, எங்கே நுழைந்தார் என்ற பதிவுக்கு லொக் என்றே பெயர். தாக்குதல் நடந்த பிறகு முதலில் புரட்டப்படுவது அதுதான்.

இந்தக் காவலையும் பூட்டையும் கண்காணிப்பையும் பதிவேட்டையும் திட்டமிடுவது, அமைப்பது, சோதித்துப் பார்ப்பது, உடைந்தால் திருத்துவது ஆகியவையே வலையமைப்புப் பாதுகாப்பு.

இவற்றில் கவனம் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு எமது நாட்டையும் தொட்டுச் சென்ற ஒரு சம்பவம் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், அவ்வங்கி நியூயோர்க்கில் வைத்திருந்த கணக்கிலிருந்து சுமார் 951 மில்லியன் டொலரை மாற்றுமாறு 35 கட்டளைகளை அனுப்பினார்கள். நாளையும் கணக்குப் பார்த்தே தெரிவு செய்திருந்தார்கள். அது ஒரு வியாழக்கிழமை இரவு. வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. டாக்கா திறக்கும்போது நியூயோர்க் மூடிவிடும். பிலிப்பைன்ஸுக்கு 81 மில்லியன் டொலர் போய்ச் சேர்ந்தது. இலங்கையிலுள்ள ஒரு அறக்கட்டளையின் பெயருக்கு வந்த 20 மில்லியன் டொலர் தடுத்து நிறுத்தப்பட்டது. காரணம் ஒரு எழுத்துப்பிழை. 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை 'ஃபண்டேஷன்' என்று பிழையாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த வங்கியொன்று சந்தேகப்பட்டு விசாரிக்கவே விடயம் வெளிச்சத்துக்கு வந்தது.

விசாரணையின்போது வெளிவந்த தகவல்தான் எமது பாடத்துக்கு முக்கியமானது. ஒரு நாட்டின் மத்திய வங்கியின் அந்த வலையமைப்பில் ஃபயர்வோல் இருக்கவில்லை என்றும், பாவித்த, பத்து டொலர் பெறுமதியான சுவிட்ச்கள் பொருத்தப்பட்டிருந்தன என்றும் அந்நாட்டுப் பொலிஸ் தரப்பு கூறியது. சர்வதேசப் பணப்பரிமாற்றக் கணினிகள் மற்றைய கணினிகளிலிருந்து முறையாகப் பிரித்து வைக்கப்படவுமில்லை. வினாத்தாள் அறைக்குத் தனிப் பூட்டுப் போடாத பாடசாலை போன்ற நிலைதான்.

எமது நாட்டு அனுபவமும் உண்டு. 2023இல் அரசாங்க மின்னஞ்சல் சேவை ரென்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குக் கப்பம் கேட்கும் தீய மென்பொருள் அது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளப் பெற முடியாமல் போயின. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பழைய மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் இருந்ததும், அக்காலப் பகுதிக்குப் பிரதி எடுத்து வைக்கப்படாததுமே குறைகளாகச் சொல்லப்பட்டன. இவையெல்லாம் மாயவித்தைகள் அல்ல. செய்ய வேண்டிய வேலையை உரிய நேரத்தில் செய்யாததன் விளைவு. இந்தப் படிப்பின் பெரும்பகுதி அந்தப் பொறுமையான வேலையைப் பற்றியதுதான்.

பல்கலைக்கழகத்தில் என்ன கற்பிப்பார்கள்?

பிள்ளைகள் சினிமாவில் பார்ப்பது போல, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். முதலாம் வருடத்தில் கிடைப்பது கணிதமும் நிரலாக்கமும் கணினியின் உள்ளமைப்பும்தான். அடுத்து வலையமைப்பின் அடிப்படை. ஒரு செய்தி எப்படிச் சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, ஏழு அடுக்குகள் என்று பாடத்தில் விபரிக்கப்படும் ஒழுங்கில் இறங்கி, மறுமுனையில் ஏறிச் சேர்கிறது என்பது, ஐ.பீ. முகவரிகளைக் கணக்கிட்டுப் பிரிப்பது. எந்தச் சேவைக்கு எந்தக் கதவு என்பது. இணையப் பக்கங்களுக்கு 80ஆம் இலக்கக் கதவு, பாதுகாக்கப்பட்ட பக்கங்களுக்கு 443. லினக்ஸ் இயங்குதளத்தில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து வேலை செய்யவும் பழக வேண்டும். இந்த அத்திவாரம் இல்லாமல் பாதுகாப்புப் படிக்க முடியாது. வீட்டின் வரைபடம் தெரியாதவர் எந்த யன்னலுக்குக் கம்பி போடுவது என்று எப்படிச் சொல்வார்?

பிறகுதான் மறைகுறியீட்டியல் வரும். இந்த இடத்தில் கணித ஆசிரியனான எனக்குக் கொஞ்சம் சந்தோசம். கடிகாரத்தில் 10 மணியுடன் 5 மணித்தியாலத்தைக் கூட்டினால் 15 வராது, 3 வரும். இந்த மீதிக் கணக்கும் முதன்மை எண்களும்தான் இன்று உங்கள் வங்கிச் செயலியைக் காக்கின்றன. 61ஐயும் 53ஐயும் பெருக்கச் சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை 3,233 என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். ஆனால் 3,233 எந்த இரண்டு முதன்மை எண்களின் பெருக்கம் என்று கேட்டால் நீண்ட நேரம் எடுக்கும். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவையானால் இன்றைய கணினிகளும் திணறிவிடும். 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. முறையின் பலம் இந்த எளிய உண்மையில்தான் தங்கியிருக்கிறது.

அதன் பயனை இப்படி விளங்கிக்கொள்ளலாம். நீங்கள் திறந்த பூட்டுகள் பலவற்றை ஊருக்கெல்லாம் கொடுத்து வைக்கிறீர்கள். திறப்பு உங்களிடம் மட்டுமே. யாரும் ஒரு பெட்டியில் கடிதத்தை வைத்து அந்தப் பூட்டை அழுத்தி மூடி அனுப்பலாம். நீங்கள் மட்டுமே திறக்கலாம். பூட்டிய பெட்டியைக் கொண்டு வந்து தருபவர் கள்வனாக இருந்தாலும் பயமில்லை. முன்பின் அறியாத இருவர் இணையத்தில் இரகசியமாகப் பேச முடிவது இதனால்தான்.

இத்துறையின் வேர்களில் ஒன்று பக்தாதில் இருக்கிறது என்பதை எமது பிள்ளைகளில் பலர் அறியமாட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தி, இரகசிய எழுத்துகளை உடைப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அரிதாக வரும். எனவே மறைத்து எழுதப்பட்ட கடிதத்தில் அடிக்கடி வரும் குறியை எண்ணினால், அது எந்த எழுத்து என்று ஊகிக்கலாம் என்பது அவர் காட்டிய வழி. அலிஃபும் லாமும் அறபில் எவ்வளவு தரம் வருகின்றன என்பதை மத்ரஸாவில் ஓதிய பிள்ளை அறியும். 'சைஃபர்' என்ற ஆங்கிலச் சொல்லே சிஃப்ர் என்ற அறபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். வகுப்பில் இதைச் சொன்னால், கணிதம் கசக்கும் என்று சொல்லும் பிள்ளையும் கொப்பியை எடுத்து எழுத்துகளை எண்ணத் தொடங்குகிறது.

இறுதி வருடங்களில் ஊடுருவல் சோதனை, தீய மென்பொருள் பகுப்பாய்வு, குற்றத் தடயங்களைக் கணினியில் தேடுதல், சட்டம், தொழில் ஒழுக்கம் ஆகியன வரும். ஆறு மாதத் தொழிற்பயிற்சியும் ஆய்வுத் திட்டமும் பல பாடநெறிகளில் உண்டு.

திறமைக்கும் குற்றத்துக்கும் இடையில்

2016 ஆகஸ்டில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் யாரோ நுழைந்து, உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் நடத்தும் முடிவை மீள்பரிசீலனை செய்யுமாறு சிங்களத்தில் எழுதி வைத்தார்கள். சில நாட்களில் பொலிஸார் கடுகண்ணாவையில் ஒருவரைக் கைது செய்தார்கள். வயது 17. பாடசாலை மாணவன்.

அச்செய்தியைப் படித்த அன்று எனது வகுப்பில் சில பையன்கள் அவனை வீரன் என்றார்கள். நான் அதை ஏற்கவில்லை, ஆனால் ஏசவுமில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தை எடுத்து விளக்கினேன். அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதே குற்றம். ஒன்றும் களவெடுக்கவில்லை, ஒன்றையும் அழிக்கவில்லை, சும்மா பார்த்தேன் என்பது எடுபடாது. அபராதமும் சிறையும் உண்டு. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது என்பதற்காக உள்ளே போய் அலுமாரியைப் பார்ப்பவரை நாம் நல்லவர் என்று சொல்வதில்லை.

அதே வேலையை எழுத்து மூல அனுமதியுடன், வரையறுக்கப்பட்ட எல்லைக்குள் செய்து, கண்ட ஓட்டைகளை உரியவருக்கே அறிக்கையாகக் கொடுத்தால் அது மரியாதையான தொழில். செய்யும் முறை ஒன்றாக இருக்கலாம், அனுமதிதான் வித்தியாசம். பல்கலைக்கழகம் பிள்ளைக்குத் தரும் முக்கியமான பொருட்களில் ஒன்று, பயமின்றிப் பிழைவிட்டுப் பழகக்கூடிய ஆய்வுகூடம். வீட்டிலும் ஒரே லெப்டொப்பில் இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை உருவாக்கி, தன்னைத் தானே தாக்கிப் பார்க்கலாம். அதற்கு 8 ஜீபீ நினைவகமாவது வேண்டும். 16 இருந்தால் நல்லது. வைஃபை கடவுச்சொல்லை உடைத்துக் காட்டும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்து விட்டுவிடாதீர்கள். அந்த ஆர்வத்தை ஆய்வுகூடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

நான் விட்ட பிழை

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மாணவன். தொழில்நுட்பப் பிரிவில் நல்ல பெறுபேறு. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைவு. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் இரண்டு வருட டிப்ளோமா, பிறகு ஒரு வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம் என்று துண்டுப்பிரசுரம் அனுப்பியிருந்தது. வாப்பா என்னிடம் வந்து, "சேர், போடலாமா?" என்று கேட்டார். பாடங்களின் பட்டியலைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. "போடுங்க" என்றேன்.

அரை ஏக்கர் வயல் விற்கப்பட்டது. உம்மாவின் காப்புகளும் போயின. மூன்றரை வருடம் கழித்துக் கையில் பட்டம் வந்தது. அரச பதவியொன்றுக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது, அப்பட்டத்தை வழங்கிய வெளிநாட்டு நிறுவனம் இங்கு அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று. இன்று அந்தப் பிள்ளை மத்திய கிழக்கில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்கிறார். பெருநாளுக்குப் பெருநாள் எனக்கு ஸலாம் அனுப்புவார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பாரம். நான் பாடங்களைப் பார்த்தேன். பட்டத்தைத் தருவது யார் என்று கேட்கவில்லை.

எந்த வழியில் போகலாம்?

முதலாவது, அரச பல்கலைக்கழகம். பாடநெறிக் கட்டணம் இல்லை. இங்கு பெற்றோர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலில் 'வலையமைப்புப் பாதுகாப்பு' என்ற பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று பலர் ஏமாறுகிறார்கள். கணினி விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம், தகவல் முறைமைகள், தொழில்நுட்பப் பிரிவினருக்கான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பட்டம் ஆகியவற்றின் ஊடாகவே இத்துறைக்குப் போக வேண்டும். கொழும்பு பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, மொரட்டுவைப் பல்கலைக்கழகம், எமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் எனப் பல இடங்கள் உண்டு. அங்கு போன பின்னர், விருப்பப் பாடங்களையும் ஆய்வுத் திட்டத்தையும் பாதுகாப்பின் பக்கம் தெரிவு செய்ய வேண்டும். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற முறை உண்டு. ஆகவே கைந்நூலில் மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பார்த்து, விருப்பத் தெரிவுகளைத் தாராளமாக நிரப்ப வேண்டும். இரண்டு மூன்றை மட்டும் நிரப்பிவிட்டு வாய்ப்பை இழந்த பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இரண்டாவது, வெளிவாரிப் பட்டம். கொழும்பு பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பீ.ஐ.டீ. பட்டம் 2000ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. வீட்டிலிருந்தே படிக்கலாம். முதல் வருடம் முடித்தவருக்கு டிப்ளோமாவும், இரண்டாம் வருடம் முடித்தவருக்கு உயர் டிப்ளோமாவும், மூன்றாம் வருடத்துடன் பட்டமும் கிடைக்கும். இடையில் நிற்க நேர்ந்தாலும் கை வெறுமையாகாது. தூரம் அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு இது நல்ல வழி. ஆனால் சுய கட்டுப்பாடு இல்லாத பிள்ளைக்குக் கஷ்டம்.

மூன்றாவது, கட்டணம் செலுத்தும் தனியார் நிறுவனங்கள். இவற்றில் இணையப் பாதுகாப்பைச் சிறப்புப் பாடமாகவே கொண்ட பட்டங்கள் உண்டு. தரமானவையும் உண்டு, எனது மாணவனை ஏமாற்றியது போன்றவையும் உண்டு. பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்று: பட்டத்தை வழங்குவது யார்? இந்த நிறுவனமா, வேறொரு பல்கலைக்கழகமா?

இரண்டு: அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அல்லது உயர்கல்வி அமைச்சு அங்கீகரித்திருக்கிறதா? நிறுவனத்தின் வாய்ப் பேச்சு போதாது. ஆணைக்குழுவிடமே நேரடியாக விசாரியுங்கள்.

மூன்று: இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் இது எத்தனையாம் மட்டம்? மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடக் கௌரவப் பட்டம் 6ஆம் மட்டம். டிப்ளோமா 3, உயர் டிப்ளோமா 4. 'பட்டத்துக்குச் சமம்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்.

நான்கு: பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டியது எல்லாம் சேர்த்து இறுதி வரை மொத்தச் செலவு எவ்வளவு? டொலர் கூடினால் யார் தாங்குவது? 2022இல் ரூபா விழுந்தபோது எத்தனை பிள்ளைகள் பாதியில் நின்றார்கள் என்பதை நாம் பார்த்தோம்.

யாருக்குப் பொருந்தும்?

கணிதம் பயமில்லாத, ஒரு பிழையைக் கண்டுபிடிக்க மூன்று மணித்தியாலம் அசையாமல் இருக்கக்கூடிய பிள்ளைக்குப் பொருந்தும். கற்கைமொழி ஆங்கிலம். தமிழ் மொழிமூலம் படித்த எமது பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது பாடத்தால் அல்ல, பெரும்பாலும் மொழியால்தான். பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் கிடைக்கும் நீண்ட காலத்தை ஆங்கிலத்துக்கும் லினக்ஸுக்கும் கொடுங்கள். வலையமைப்பில் ஓடும் பொதிகளைப் பார்க்க வயர்ஷார்க், வலையமைப்பை வரைந்து பழகப் பெக்கெட் டிரேசர் ஆகிய மென்பொருட்கள் இலவசம்.

பெண்பிள்ளைகளுக்குச் சரிவருமா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வங்கிகளிலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிலும் உள்ள கண்காணிப்பு நிலையங்கள் 24 மணி நேரமும் இயங்குபவை. அங்கு இரவு முறை வேலை இருக்கலாம். ஆனால் கணக்காய்வு, கொள்கை வகுத்தல், தடயப் பகுப்பாய்வு, மென்பொருளின் பாதுகாப்பைச் சோதித்தல், கற்பித்தல் போன்ற வேலைகள் பகலில் செய்பவை. சில வீட்டிலிருந்தும் செய்யக்கூடியவை. இதற்கு அப்பால் இன்னொரு தேவையும் உண்டு. போலிக் கணக்காலும், திருடப்பட்ட படத்தாலும் மிரட்டப்படும் எங்கள் பெண்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? இத்துறை தெரிந்த ஒரு சகோதரி ஊரில் இருந்தால், சான்றுகளை அழிக்காமல் எப்படிச் சேமிப்பது, பொலிஸுக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் எப்படி முறையிடுவது என்று சொல்லிக் கொடுக்க ஒருவர் இருப்பார்.

அன்று வந்த தையல் கடைக் காக்காவின் கையிலும் ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தது. நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மகளே தொலைபேசியில் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு, "முதல்ல ரெஜிஸ்டர் பண்ணுங்க, பிறகு சொல்றம்" என்று பதில் வந்ததாம். அவர்கள் பணம் கட்டவில்லை. கைந்நூலை வாங்கி, விருப்பத் தெரிவுகளை நிரப்பி விண்ணப்பித்திருக்கிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் வெளிவாரிப் பட்டம் என்று முடிவு.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. நான் அன்று கேட்காமல் விட்டதும் அதைத்தான். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பெறுபேறு வந்தவுடன் பாராட்டு விழாவுக்கு மேடை போடுகின்றன. அதே மண்டபத்தில், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன்னர், கைந்நூலையும் இந்த நான்கு கேள்விகளையும் வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் உட்கார்ந்தால், இன்னொரு குடும்பத்தின் வயல் விற்கப்படாமல் இருக்கும்.